பூச்சி வேசம் எங்களுக்கு வேண்டாம்

காஃப்காவின் 'உருமாற்றம்' குறுநாவலை மேடையேற்ற நினைக்கிற எந்த நாடகக்காரரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பூச்சியை யார் நடிப்பது? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் போதும், நாடகமே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். முதுகை வளைத்து, கைகால்களைக் கோணலாக மடக்கி, சட்டத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கி, தொண்டைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் எழுப்பி ஒரு நடிகன் வியர்க்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் 'அடேயப்பா, என்னா ஒடம்பு' என்று வாய்பிளக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் கைதட்டு. காஃப்கா இறந்து நூறு வருசம் ஆனதை 2024இல் உலகமெங்கும் நினைவுகூர்ந்தார்கள். இந்த ஆசை நம்மூர் நவீன நாடகக்காரர்களையும் பிடித்து ஆட்டுகிறது. இந்தக் கட்டுரை அந்த ஆசைக்கு எதிராக எழுதப்படுகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரெகோர் சாம்சா ஊர் ஊராய்ப் போய்த் துணி விற்கிற விற்பனையாளன். ஒரு நாள் காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். அப்போதும் அவனுக்குக் கவலை உடம்பைப் பற்றி இல்லை. ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டாச்சே என்பதுதான் கவலை. தகப்பன் பட்ட கடனை முதலாளியிடம் அவன்தான் உழைத்துக் கழித்துக்கொண்டிருந்தான். ஏழு மணி வாக்கில் கம்பெனியின் தலைமை எழுத்தர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். அன்றிலிருந்து அவனை ஓர் அறைக்குள் அடைத்து வைக்கிறார்கள். தங்கை சாப்பாடு வைக்கிறாள், கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போகிறது. தகப்பன் ஆப்பிளை எறிகிறான், அது முதுகில் புதைந்து அழுகுகிறது. எடுத்துவிட ஒரு கை வரவில்லை. கடைசியில் செத்துப்போகிறான். குடும்பம் நிம்மதியாக டிராம் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறது.

இதை உடல்மொழி அரங்காக ஆக்கியதில் பேர் பெற்றவர் ஆங்கில நாடகக்காரர் ஸ்டீவன் பெர்காஃப். 1969இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அவரே தழுவி எழுதி, இயக்கி, கிரெகோராகவும் நடித்தார். பூச்சி உடை கிடையாது, முகமூடி கிடையாது, ஒப்பனைக் கொம்பு கிடையாது. இரும்புச் சட்டக்கூண்டும் நடிகன் உடம்பும் மட்டும். குடும்பத்தாரும் தாளத்துக்கு ஆடும் பொம்மைகள்போல ஊமைக்கூத்தாக அசைந்தார்கள். 1988இல் பாரிசில் போலன்ஸ்கி அந்த வேடத்தில் நடித்தார். 1989இல் நியூயார்க்கில் நடனக் கலைஞர் பாரிஷ்னிகோவ் நடித்தார். 2006இல் ஐஸ்லாந்தின் வெஸ்டுர்போர்ட் குழு லண்டன் லிரிக் அரங்கோடு சேர்ந்து போட்டதில், பூச்சியின் அறையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து நடிகன் சுவரில் ஊர்ந்தான். 2011இல் லண்டன் ராயல் ஆப்பரா ஹவுசில் இது நடனமாகவே ஆகிவிட்டது. எல்லாம் பெரிய சாதனைகள்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது வருசத்துக்கு மேலாக இந்தச் சாதனைகள் எல்லாம் ஒரே உடம்பையே சுற்றிச் சுற்றி வருவதைக் கவனியுங்கள். அருவருப்புக்கு ஆளான உடம்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்து காட்டுவது என்பதில்தான் போட்டி. அருவருக்கிற உடம்பை யாராவது இவ்வளவு நுணுக்கமாகப் படித்தார்களா?

காஃப்கா இந்த ஆபத்தை முன்னமே பார்த்துவிட்டார். 1915 அக்டோபரில் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைய ஏற்பாடு நடந்தபோது பதற்றத்தோடு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிகிற மாதிரிகூடக் கூடாது என்றார். வேண்டுமானால் மூடிய கதவின் முன் பெற்றோரும் தலைமை எழுத்தரும் நிற்பதை வரையலாம், இல்லையென்றால் வெளிச்சமான அறையில் குடும்பமும், பக்கத்து இருட்டறைக்குத் திறந்த கதவும் வரையலாம் என்று யோசனை சொன்னார். ஒட்டோமார் ஷ்டார்க்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. அங்கிருந்து ஒரு மனிதன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு விலகி வருகிறான். அவ்வளவுதான் படம். நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு அட்டைப்படக்காரனுக்குப் புரிந்தது நம்ம நாடகக்காரர்களுக்குப் புரியவில்லை. விலகுகிறவனைக் காட்டு, எதிலிருந்து விலகுகிறான் என்பது தானே தெரியும்.

இன்னொரு விசயம் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோயிருக்கிறது. கரப்பான், வண்டு, பூச்சி என்று நாம் எழுதுகிற இடத்தில் ஜெர்மன் மூலத்தில் எந்தக் குறிப்பிட்ட பூச்சியின் பெயரும் இல்லை. அங்கிருக்கிற 'உன்கெட்ஸீஃபர்' என்ற சொல்லின் பழைய வேரைத் தோண்டினால் பலி கொடுக்கத் தகாத, அசுத்தமான பிராணி என்று பொருள் வருகிறது. அதாவது சாமிக்கு ஆகாதது. தீட்டுப்பட்டது. இதை ஐரோப்பியனுக்கு விளக்க அடிக்குறிப்பு வேண்டும். எங்களுக்கு எதற்கு? கோயில் வாசலில் நின்று திரும்பி வந்த எந்தக் காலனிக்காரரைக் கேட்டாலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிடுவார்.

மனிதனைப் பூச்சி என்று அழைப்பது சும்மா ஒரு வசவாக முடிவதில்லை. நாஜிகள் யூதர்களை ஒழிக்க வேண்டிய கிருமி, பூச்சி என்று பேசிப் பழக்கினார்கள். யூதரான காஃப்காவின் மூன்று தங்கைகளும் அந்த இனப்படுகொலையில் மாண்டார்கள். ருவாண்டாவில் 1994இல் துத்ஸி மக்களைக் கரப்பான்பூச்சி என்று வானொலியில் ஓதி ஓதியே வெட்டினார்கள். நம்ம வட்டாரத்துக்கே வருவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வீடுகளை உடைத்தது, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களைக்கூட விடவில்லை. குடிதண்ணீர்க் கிணற்றில் நஞ்சைக் கொட்டினார்கள் என்று அன்றைக்கே எழுதப்பட்டிருக்கிறது. வயலில் பூச்சிக்கு என்ன செய்வோமோ அதை மனுசருக்குச் செய்தார்கள். எப்போதும்வென்றானிலிருந்து அந்த ஊர் வெகுதூரமில்லை. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'பூச்சி என்பது நவீன மனிதனின் அந்நியமாதலுக்கு ஒரு படிமம்' என்று பேச எனக்கு நாக்கு எழவில்லை.

இனி தமிழ் அரங்குக்கு வருகிறேன். 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நாடகப் பட்டறை, அதே காலத்தில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சோழமண்டலத்தில் வங்கத்து பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை எல்லாம் சேர்ந்து தமிழ் நாடகத்தை வசனத்திலிருந்து உடம்புக்குத் திருப்பின. சபா நாடகத்தின் சோபாவைத் தூக்கி எறிந்ததற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் உடம்பைத் தேடிப் போனவர்கள் யாருடைய உடம்பைத் தேடிப் போனார்கள்? கூத்துக்காரர் உடம்பு, பறையடிக்கிறவர் உடம்பு, கரகமும் குறவன் குறத்தியும் ஆடுகிறவர் உடம்பு. ஊர் கேவலம் என்று ஒதுக்கிய ஆட்டமெல்லாம் பட்டறையில் 'மூலவளம்' ஆயிற்று. எங்க சனங்க 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று அடிபட்டு உதைபட்டு இறக்கிவைத்த பறையை இவர்கள் மேடையில் ஏற்றி ஆதித்தாளம் என்றார்கள். அதில் தப்பென்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பறையை எங்க பிள்ளைகளே இன்று தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அடித்தவர் பெயர் துண்டறிக்கையில் இருந்ததா? 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று ஒரு வரி இருந்தது. இந்த நிலைமையில்தான் கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதி, தலித் அரங்கு என்று பேரைச் சொல்லியே மேடையேற்றினார். எங்கள் உடம்பு உங்கள் கச்சாப்பொருள் இல்லை, எங்களுக்குப் பேச்சு உண்டு என்பதை அந்த நாடகம் சொன்னது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில வருசங்களுக்கு முன்னால் மாநகரத்துக் குழு ஒன்று கோவில்பட்டிப் பக்கம் பட்டறை போட்டது. எடுத்துக்கொண்ட கதை இதே கதைதான். எங்க காலனியிலிருந்து மூணு பயல்களும் நானும் போயிருந்தோம். மூணாம் நாள் வேசம் பிரித்தார்கள். தகப்பன், தாய், தங்கை, தலைமை எழுத்தர் எல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு. பூச்சியைக் கூட்டாக மூணு உடம்பில் செய்யலாம் என்று எங்க பயல்கள் மூணு பேரையும் தரையில் படுக்கப் போட்டார்கள். எனக்குத் தப்பு. ஏன் இப்படி என்று கேட்டேன். இயக்குநர் ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்: "அந்த வளைவு உங்க பசங்க ஒடம்புல இயல்பாவே இருக்கு, தோழர். அது நாங்க ஆறு மாசம் பயிற்சி எடுத்தாலும் வராது."

பயல்களில் மூத்தவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டான்: "அப்போ எங்களப் பார்த்து மூக்கப் பொத்துறது உங்களுக்கு இயல்பா வந்துருமா சார்? அதுக்கு எத்தன மாசம்?"

அவர் சிரித்துச் சமாளித்தார். நாங்கள் அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிட்டோம். அந்தக் குழுவின் பெயர் இங்கே முக்கியமில்லை. பையன் கேட்ட கேள்விதான் முக்கியம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கு உரைதான்.

தீண்டாமையை நாம் எப்போதும் தீண்டப்படாதவன் உடம்பில் வைத்தே பார்த்துப் பழகிவிட்டோம். கூனியவன், ஒடுங்கியவன், துண்டைக் கக்கத்தில் இடுக்கியவன், செருப்பைக் கையில் தூக்கியவன். சினிமாவானாலும் கதையானாலும் அந்த உடம்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தீண்டாமை என்பது தீண்டாதவன் செய்கிற வேலை. அதற்கு அவன் உடம்பு பாடுபட வேண்டியிருக்கிறது. சின்ன வயசிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடத்தை எவ்வளவு உயரத்தில் பிடித்தால் ஏந்திய கையில் படாமல் தண்ணி விழும்? கூலிக் காசை எத்தனை அடி தூரத்திலிருந்து போட்டால் விரல் படாது, ஆனால் காசு உருண்டு ஓடாது? டீக்கடையில் சிரட்டையை எந்தக் கையால் தள்ளுவது? பஸ்ஸில் பக்கத்தில் ஆள் வந்து உட்காரும்போது வெளியே தெரியாமல் எப்படித் தொடையை ஒதுக்குவது? பாதையில் எதிரே வருகிறவனைப் பார்க்காமலே எப்படிப் பார்ப்பது? இவ்வளவு துல்லியமான அங்க அசைவுப் பயிற்சி உலகத்தில் எந்த நாடகப் பள்ளியில் இருக்கிறது? ஆயிரம் வருசமாக ஊர்த்தெருவில் தினமும் ஒத்திகை நடக்கிறது. உடல்மொழி அரங்கு என்று பேசுகிறவர்கள் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு எங்கள் முதுகையே வெறித்துக்கொண்டிருப்பது ஏன்? அந்தப் பாடத்தைத் திறந்தால் அதில் சொந்த வீட்டு ஆட்களின் முகம் தெரியும்.

'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. அதில் பெண்வேசம் கட்டி ஆடுகிற தகப்பனை நடுரோட்டில் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. எல்லாரும் ஓடுகிறவரைப் பற்றி எழுதினார்கள். துரத்தியவர்கள் முகத்தில் இருந்த குஷியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

ஆகவே முதல் கோரிக்கை இது. பூச்சியை நடிக்காதீர்கள். மேடை நடுவே ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டுக்குள் யாரும் வேண்டாம். தகப்பன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான், தாய் எந்த இடத்தில் மயங்குகிறாள், தங்கை சாப்பாட்டுத் தட்டைக் கந்தல் துணியால் பிடித்து எப்படித் தூக்குகிறாள் என்பதை வைத்தே உள்ளே கிடப்பதன் அளவும் வாடையும் தெரிய வேண்டும். தங்கை பாத்திரத்தைத் தொடாமல் துணியால் பிடித்துத் தூக்குவது காஃப்காவே எழுதியது. நான் சேர்த்ததில்லை.

இரண்டாவது விசயம் கொஞ்சம் கடினமானது, நம்ம ஆட்களுக்கும் பிடிக்காது. கிரெகோர்தான் தலித் என்று இப்போது பலபேர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கூலிக்காரனாக அவன் நமக்குச் சொந்தக்காரன்தான். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிக் கிராமங்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன்னே, மூணு நாலு மணிக்கே, ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். பெத்தவர்கள் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வண்டியேறிப் போய்க் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' அதைப் படம்பிடித்து வைத்திருக்கிறது. வண்டியைத் தவறவிட்ட பிள்ளையின் பயத்தையும் ரயிலைத் தவறவிட்ட கிரெகோரின் பயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே பயம்தான். காஃப்கா 1908இலிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் எந்திரத்தில் விரல்கள் துண்டாவதைத் தடுப்பது எப்படி என்று படங்களோடு அறிக்கை எழுதியவர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30க்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். அப்படிப்பட்ட ஆலைகளின் கணக்கைப் பார்க்கிற மேசையில்தான் அவரும் உட்கார்ந்திருந்தார். அதனால் 'காஃப்கா மேல்தட்டு எழுத்தாளன், நமக்கெதுக்கு' என்கிற தோழர்களோடும் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் சாதியில் கிரெகோர் நாமில்லை. ஏனென்றால் அவனுக்கு ஒரு 'நேற்று' இருந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் அவன் மனுசன், வீட்டுக்குச் செல்லப்பிள்ளை. சமையல்காரியும் வேலைக்காரப் பெண்ணும் இருந்த வீடு அது. ஒரே ராத்திரியில் விழுந்தான். அந்த விழுச்சிதான் கதை. நமக்கு அப்படி ஒரு ராத்திரி கிடையாது. நாம் பிறக்கும்போதே கதவுக்கு அந்தப்பக்கம் பிறந்தோம். 1932இல் இந்து நாளிதழில் திருநெல்வேலிச் சீமையின் புரத வண்ணார்களைப் பற்றிச் செய்தி வந்தது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் வெளியே வர விடாமல், ராத்திரியில் மட்டுமே நடமாடி வேலை செய்து, விடியுமுன் வீடு சேர வேண்டியிருந்த சனங்கள். அம்பேத்கர் அதை எடுத்து எழுதியிருக்கிறார். அறைக்குள் ஆள் வரும்போதெல்லாம் கிரெகோர் சோபாவுக்கடியில் போய் ஒளிகிறான், துணியால் தன்னை மூடிக்கொள்கிறான். அவனுக்கு அது சில மாத வாழ்க்கை. இவர்களுக்கு அது வம்சம் வம்சமான வாழ்க்கை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புரத வண்ணார் துணி வெளுத்தது தீண்டப்படாத சாதிகளுக்குத்தான். அவர்களைப் பகல் வெளிச்சத்திலிருந்து விரட்டியதில் நம்ம தெருவுக்கும் பங்குண்டு. ஒடுக்கப்பட்ட குடும்பமும் தனக்குள் ஓர் அறையை ஒதுக்கிப் பூட்டி வைக்கும். இதைச் சொல்லாத தலித் அரங்கு எனக்கு வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தக் கதையில் நாம் எங்கே இருக்கிறோம்? இருக்கிறோம். யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறோம்.

கதையின் பின்பாதியில் கூட்டிப்பெருக்க ஒரு கிழவி வருகிறாள். விதவை, எலும்பும் தோலுமான பெரிய உடம்பு, நரைத்த தலை. அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திதான் பூச்சியைப் பார்த்துப் பயப்படாதவள். காலையும் மாலையும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். சாணிவண்டு என்று உரிமையோடு கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கிறாள். பெத்த தாய் எட்டிப் பார்க்காத அறைக்குள் அவள் போகிறாள். அவன் செத்ததை முதலில் பார்க்கிறவள் அவள். பிணத்தை அப்புறப்படுத்துகிறவளும் அவள். எப்படி அப்புறப்படுத்தினேன் என்று சொல்ல வருகிறாள். அவர்கள் கேட்கவில்லை, கையை உயர்த்தித் தடுத்துவிடுகிறார்கள். அவள் போனதும் தகப்பன் சொல்கிறான், சாயங்காலம் அவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று. அதற்கப்புறம்தான் குடும்பத்துக்குக் காற்று வாங்க மனசு வருகிறது.

இவள் யாரென்று எங்களுக்குத் தெரியாதா? கரிசக்காட்டில் ஒரு சம்சாரி வீட்டு மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தைக் கட்டிக் கொஞ்சுவார்கள். அது ராத்திரி செத்துப்போனால் விடியும்போது தீட்டு. கொஞ்சின கை ஒன்றுகூடத் தொடாது. "ஏலே, வந்து இழுத்துட்டுப் போங்கலே" என்று எங்க குடிக்கு ஆள் வரும். காஃப்காவின் உருமாற்றத்தை நான் படிக்குமுன்பே எங்க அவ்வா அதைத் தொழுவத்தில் பார்த்திருந்தாள். அவளும் ஊர்த்தெருவில் தொழுவம் கூட்டியவள்தான். சாணி அள்ள வேண்டிய மாட்டோடு பேசிக்கொண்டே அள்ளுவாள். செத்த மாட்டை ஆம்பளைகள் இழுத்துப் போகையில் கூடவே நடந்து போவாள். "உசுரோட இருக்கையில அவுக மாடு. செத்தா நம்ம மாடு" என்பாள். அந்தத் தோலில் தைத்த கூனையில்தான் ஊர்க் கமலை தண்ணி இறைத்தது. அந்தத் தண்ணிக்குத் தீட்டில்லை. தைத்தவன் கைக்குத்தான் தீட்டு. பூமணி 1979இல் எழுதிய 'பிறகு' நாவல் இந்த வாழ்க்கையை உள்ளே புகுந்து எழுதியது. தமிழ் மேடை இன்னும் அந்தத் தொழுவத்துக்குள் வரவில்லை.

மேடையேறிய பேர்பெற்ற வடிவங்களில் இந்தக் கிழவிக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெர்காஃப் குடும்பத்தையும் தலைமை எழுத்தரையும் குடித்தனக்காரரையும் வைத்து நாடகத்தை இறுக்கினார். கிழவி நடுமேடைக்கு வரவில்லை. கதையைச் சுருக்குகிற எவரும் முதலில் வெட்டுவது அவளைத்தான். கதைக்குள் குடும்பம் அவளை வேலையிலிருந்து நிறுத்துகிறது, கதைக்கு வெளியே நாடகக்காரர்களும் நிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் போகச் சொல்லிவிடுவதுதான் எங்கும் வழக்கம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். 13 நாள் கழித்து நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். கொரோனாவின்போது தெருவெல்லாம் கைதட்டி வாழ்த்தியதும் இவர்களைத்தான். மலக்குழிச் சாவுக்கு 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2013இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். குழிக்குள் இறங்கிச் சாவது நிற்கவில்லை. அப்புறப்படுத்துகிறவர் சொல்லவரும் கதையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஆகவே இரண்டாவது கோரிக்கை. நாடகத்தை அந்தக் கிழவியிடம் கொடுங்கள். அவள் கண்ணால் அந்த வீட்டைக் காட்டுங்கள்.

எப்போதும்வென்றான் பக்கத்தில் எங்க காலனிப் பிள்ளைகளோடு நாங்கள் இப்போது இப்படித்தான் செய்து பார்க்கிறோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ராத்திரி முழுக்க ரோட்டில் இரைந்துகொண்டிருக்கும். கதிர் அடிக்கிற சிமெண்டுக் களம்தான் மேடை. பூச்சி வேசம் இல்லை. தகப்பன், தாய், தங்கை, எழுத்தர் வேசங்களை எங்க பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. "ஊருக்குள்ள உங்களப் பார்த்து ஒதுங்குறவுக எப்படி ஒதுங்குறாகன்னு செஞ்சு காட்டுங்க" என்றோம். அவ்வளவுதான். பத்து வயசுப் பிள்ளைகூட அச்சு அசலாகச் செய்கிறது. முந்தானையை இழுத்துப் பிடிப்பது, வேட்டி நுனியைத் தூக்குவது, தண்ணி ஊற்றுகையில் முழங்கையை உயர்த்துவது, பேசும்போது தலைக்கு மேலே பார்ப்பது. வாழ்நாளெல்லாம் எதிரே நின்று கவனித்தவர்கள் நாங்கள்தானே. களத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரிய பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏ, இது இன்னார் வீட்டுக் கைல்ல" என்று கையைப் பார்த்தே வீட்டைச் சொன்னார்கள். தங்களைக் கூனவைத்த அசைவை வெளியே எடுத்து வைத்துப் பார்த்துச் சிரிப்பது அவர்களுக்கு அன்றுதான் வாய்த்தது. நாங்கள் தரையில் ஊர்ந்து காட்டியிருந்தால் அழுதிருப்பார்கள். அழுகை எங்கள் தெருவில் தாராளமாக இருக்கிறது.

பறை வைக்கவில்லை. கிழவி கையில் இருக்கிற ஈக்கிமாறு சிமெண்டுத் தரையில் இழுபடுகிற சத்தம் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை. குடும்பம் பேசும்போது அது ஓரத்தில் கேட்கும், அவர்கள் பேச்சை நிறுத்தினால் அது மட்டும் கேட்கும். குடும்பத்தில் எல்லாருக்கும் தரையில் ஒரு கோடு இருக்கிறது, கால் அதைத் தாண்டாது. தாண்டிப் போய்வருகிறவள் அவள் ஒருத்தி. கடைசியில் தங்கை எழுந்து நின்று இளம் உடம்பை நெட்டி முறிக்கிறாள். காஃப்கா அங்கேதான் கதையை முடிக்கிறார். அந்த நிமிர்வு யாரை அப்புறப்படுத்தியதால் வந்தது என்பது தெரிய நாங்கள் இன்னொரு நிமிசம் எடுத்துக்கொள்கிறோம். குடும்பம் பஸ் ஏறப் போன பிறகு கிழவி களத்து நடுவே வந்து நிற்கிறாள். கதைக்குள் கையை உயர்த்தித் தடுத்தார்களே, அந்தக் கதையை முழுசாகச் சொல்கிறாள். எப்படித் தூக்கினேன், எவ்வளவு கனம் இருந்தது, முதுகில் அழுகிய பழத்தைக் கடைசியில் யார் எடுத்தது. எங்க அவ்வா பேச்சிலேயே, தெலுங்கு கலந்த தமிழிலேயே சொல்கிறாள்.

'இது காஃப்காவுக்குத் துரோகம்' என்று சொல்லுவார்கள். வரையாதே என்று சொன்னவரின் பூச்சியை ஐம்பது வருசமாகச் சுவரில் ஏற்றி இறக்கியவர்கள் எங்களைப் பார்த்துத் துரோகம் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். 'அப்படியானால் தலித் அல்லாதவர்கள் இந்தக் கதையைத் தொடவே கூடாதா' என்றும் கேட்பார்கள். தாராளமாகத் தொடுங்கள். தலித் உடம்பைக் கற்றுக்கொள்ளக் கிராமத்துக்கு வந்து பத்து நாள் பட்டறை போடாதீர்கள். உங்க வீட்டு அடுப்படியில், திண்ணையில், கல்யாணப் பந்தியில் உங்க தாத்தாவும் சித்தப்பாவும் கை காலை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். உங்க உடம்பில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். அதை மேடைக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் முதல் வரிசையில் வந்து உட்கார்கிறோம். சரியாகச் செய்கிறீர்களா என்று சொல்ல எங்களைவிட்டால் ஆள் இல்லை.

'உடல்மொழி அரங்கில் உச்சமான வேடத்தையே வேண்டாமென்கிறீர்களே, நடிகனுக்கு என்ன மிஞ்சும்' என்று ஒரு இளம் நடிகர் கேட்டார். தம்பி, ஊர்வது கடினமான வித்தை என்று உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரவைக்கிறவன் எப்படி நிமிர்ந்து நிற்கிறான் என்பதைச் செய்து பார். மூச்சு முட்டும். அதைச் செய்துவிட்டு அப்புறம் வா, பேசலாம்.

எங்க ஊர்ப் பேரிலேயே ஒரு வெற்றி இருக்கிறது. எப்போதும் வென்றவன் யார், யாரை வென்றான் என்று பெயர்ப்பலகை சொல்வதில்லை. களத்தில் ஈக்கிமாற்றோடு நிற்கிற கிழவி சொல்வாள். நாடகம் பார்க்க வருகிறவர்கள் வெள்ளனவே வந்து தரையில் உட்காருங்கள். நாற்காலி கிடையாது. பூச்சியைப் பார்க்க மட்டும் யாரும் வராதீர்கள்.